குழந்தையின் கால் நகம் வெட்டும்போது

கை நகத்தை வாரம் ஒருமுறையாவது வெட்டவேண்டியிருக்கும், கால் நகம் மெதுவாகத்தான் வளரும், மாதம் ஒன்றிரண்டு முறை போதும். குளிப்பாட்டியவுடன் நகம் ஊறி மெத்தென்று இருக்கும்போது, இல்லையென்றால் பால் குடித்து அசந்து தூங்கும்போது வெட்டுங்கள். விளக்கு வைத்தபின் நகம் வெட்டாதே என்று பாட்டி சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் அப்படியே கேட்கிறேன், பகல் வெளிச்சத்தில்தான் சதை எது நகம் எது என்றே தெரிகிறது.

விரலைப் பிடித்து, நுனிச் சதையைக் கீழ்ப்பக்கமாக அழுத்தி நகத்திலிருந்து விலக்கிக்கொண்டு, குழந்தைகளுக்கான சின்ன நகவெட்டியால் நேராக வெட்டுங்கள். ஓரங்களை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் குத்தி வளர்ந்து சிவந்து வீங்கிவிடலாம், அப்படி ஆனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஓரம் கூராக இருந்தால் நகம் தேய்க்கும் அட்டையால் லேசாகத் தேய்த்தால் சரி. பல்லால் கடித்து எடுப்பது வேண்டவே வேண்டாம், நம் வாயிலிருக்கும் கிருமி அங்கே போய்விடும்.

ஒருமுறை நான் வெட்டும்போது என் பையனுக்குச் சதையில் பட்டு ரத்தம் வந்துவிட்டது, அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது. அப்புறம், பிளாஸ்திரி மட்டும் ஒட்டாதீர்கள், கால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோகிற வயதில் அது கழன்று தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.