தீவுக்குப் போகும்போது போன் சிக்னல்: கரையிலேயே தொடங்கும் பிழைகள்

பாடசாலை விடுமுறை விட்டால் போதும், மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் இரவிரவாக வான்கள் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடும். காலையில் நல்லூர், அப்புறம் குறிகட்டுவான் இறங்குதுறை, நயினாதீவு அம்மன், நேரம் இருந்தால் நெடுந்தீவு. இன்னொரு பக்கம், மாலைதீவு ரிசோர்ட்களுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள். இரண்டு பயணத்திலும் வீட்டில் இருப்பவர்களின் கவலை ஒன்றுதான். "எடுத்தால் போகுதில்லை. வள்ளம் ஏறினவங்கள், பிறகு சத்தமே இல்லை."

தீவில் சிக்னல் கிடைப்பதைப் பலரும் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறார்கள். எந்தக் கம்பனியின் கோபுரம் எங்கே நிற்கிறது, அது எவ்வளவு தூரம் எட்டும், உங்கள் கையில் எந்த சிம் இருக்கிறது என்பவை எல்லாம் நீங்கள் வள்ளத்தில் கால் வைக்கும் முன்னரே முடிவாகிவிட்ட விடயங்கள். அவற்றைக் கேட்டு அறியாமல் புறப்படுவதுதான் என் பார்வையில் முதல் பிழை.

"நம்மட சிம் டவுனில் நல்லா எடுக்குது, அங்கேயும் எடுக்கும்" என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரில் எந்தக் கம்பனியும் எடுக்கும். தீவில் அப்படி இல்லை. ஒரு கம்பனிக்கு அங்கே கோபுரம் இருக்கும். மற்றது அக்கரையிலிருந்து கசிந்து வரும் சிக்னலை நம்பியிருக்கும். கம்பனிகளின் கவரேஜ் வரைபடம் இதைச் சரியாகக் காட்டாது. அதில் உள்ள நிறம் பெரும்பாலும் கணினி கணித்த மதிப்பீடு, அதுவும் திறந்த வெளியில் நிற்பவருக்கு. தகரக் கூரைக்குக் கீழே, தடித்த சுவருக்குள்ளே என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

ஆகவே கேட்க வேண்டியது அங்கே இருப்பவரைத்தான். தங்குமிடக்காரரிடம் "சிக்னல் இருக்கா?" என்று கேட்டால் "ஓம், இருக்கு" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். "நீங்க என்ன சிம் பாவிக்கிறீங்க? அறைக்குள்ள இருந்து வட்ஸ்அப்பில கதைக்கலாமா, முற்றத்துக்கு வரவேணுமா? இரவில எப்படி?" இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்தையும் விடப் பெறுமதியானது.

அடுத்தது மாற்று சிம். இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவதாக வேறு கம்பனி சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது நல்ல யோசனை. ஆனால் பலர் இலக்கம் வேறாக இருந்தால் கம்பனியும் வேறு என்று எண்ணிவிடுகிறார்கள். எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கோடு இணைந்துவிட்டது. ஆகவே 077, 075 இரண்டையும் வைத்திருப்பது இரண்டு வழிகள் ஆகாது. எடிசலாட் 2018இல் ஹட்ச் கைக்குப் போனது. 072ம் 078ம் ஒரே வீடு. 070ம் 071ம் மொபிடெல். மாற்று சிம் உண்மையிலேயே வேறு கோபுரத்தைப் பிடிப்பதாக இருக்க வேண்டும். வாங்கியதும் ரீலோட் செய்து, மட்டக்களப்பிலேயே ஒரு கோல் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இறங்குதுறையில் நின்றுகொண்டு புது சிம்மை இயங்க வைக்கப் போராடுபவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

கடலில் மலையும் கட்டடமும் இல்லையே, சிக்னல் தங்குதடையின்றி வருமே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (வாகனமும் ஏற்றும் மிதவைப் படகில்) வாவியைக் கடக்கும்போது சிக்னல் நன்றாகத்தான் இருக்கும். கரை கிட்டே இருக்கிறது, குறுக்கே எதுவும் இல்லை. ஆழ்கடலில் பூமியின் வளைவே தடையாகிவிடும். 50 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையை எட்டுவது சுமார் 30 கிலோமீற்றர் வரைதான். அதற்கப்பால் கோபுரம் கடலுக்குக் கீழே இறங்கிவிட்ட மாதிரி. பழைய 2ஜி முறைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கோபுரத்துக்கும் போனுக்கும் இடையில் அலை போய்வர எடுக்கும் நேரத்தை அது கணக்கிடும் விதத்தால், சாதாரண அமைப்பில் 35 கிலோமீற்றருக்கு அப்பால் கோல் எடுக்க முடியாது. எழுந்து நிற்பது, படகின் மேல்தளத்துக்கு ஏறுவது, தீவில் கோபுரம் உள்ள திசையைப் பார்த்த கரைக்கு நடப்பது ஆகியவை பலன் தருவது, கோபுரத்துக்கு நேர்ப்பார்வை கிடைப்பதால்தான்.

இங்கேதான் பலரைக் குழப்பும் விடயம் வருகிறது. போனில் இரண்டு கோடு தெரிகிறது, ஆனால் கோல் போகவில்லை. போன் பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கோயில் ஒலிபெருக்கி நாலு வீதி தாண்டியும் கேட்கும். நீங்கள் வீட்டிலிருந்து பதில் சொன்னால் ஐயருக்குக் கேட்குமா? கோபுரமும் அப்படித்தான். அது பத்து மடங்கு, நூறு மடங்கு வலுவோடு பேசுகிறது, 4ஜி போனின் உச்ச வலு ஏறத்தாழ 0.2 வாட் மட்டும். நீங்கள் கோபுரத்தைக் கேட்கிறீர்கள், கோபுரத்துக்கு நீங்கள் கேட்பதில்லை. 900 மெகாஹேர்ட்ஸ் 2ஜியில் போன் 2 வாட் வரை வலுவைக் கூட்டலாம், அந்த அலை தூரமும் போகும். எனவே 4ஜியில் திணறும் இடத்தில், போனின் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், விருப்ப வலையமைப்பை 2ஜிக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாப் போனிலும் இந்த வசதி இல்லை. இருக்கிற போனில் சாதாரண கோல் போக நல்ல வாய்ப்பு உண்டு.

அங்கே நின்று வட்ஸ்அப் வீடியோ கோலுக்கு முயற்சிப்பது அடுத்த பிழை. டேட்டா முதலில் சாகும், பிறகு கோல், கடைசியாகத்தான் எஸ்எம்எஸ். குறுஞ்செய்திக்கு மிகக் குறைந்த இடம் போதும். சில நொடி சிக்னல் வந்தாலும் போய்விடும். பெறுபவரின் போன் அணைந்திருந்தால் கம்பனியின் கணினி அதை வைத்திருந்து பிறகு கொடுக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பியதற்குப் பக்கத்தில் சின்ன மணிக்கூட்டுப் படம் நின்றால் அது உங்கள் போனை விட்டே போகவில்லை. ஒற்றைச் சரி அடையாளம் வந்தால் சேவரை அடைந்தது. இரட்டை வந்தால்தான் அம்மாவின் போனுக்குச் சேர்ந்தது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "நான் மெசேஜ் போட்டனே" என்று சொல்லிப் பயனில்லை. "வந்து சேர்ந்தோம், சுகம், நாளை காலை எடுக்கிறோம்" என்று ஒரு எஸ்எம்எஸ் போதும். அந்த ஒரு வரிக்காக இரவு முழுக்கத் தூங்காமல் இருக்கும் தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்.

தங்குமிட அறைக்குள் சிக்னல் இல்லாமல் முற்றத்தில் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. ஒரு போனை ஜன்னல் கம்பியிலோ திண்ணையிலோ வைத்து ஹொட்ஸ்பொட் போட்டுவிட்டு, உள்ளே இன்னொரு போனில் வைஃபையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் மறைவான இடமாகப் பார்த்து வையுங்கள்.

திருவிழாக் காலம் தனிக் கதை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் அங்கே குடியிருப்பு இல்லை. நயினாதீவு அம்மன் உற்சவத்திலும் சனம் நெருக்கும். கோடு முழுதாகத் தெரிந்தாலும் கோல் விழாது, ஏனென்றால் கோபுரம் ஒரு நேரத்தில் தாங்கும் ஆட்களுக்கு அளவு இருக்கிறது. கூட்டத்தில் ஆளைத் தொலைத்தால் போனை நம்பாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று இறங்கும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பற்றரி விடயத்தில் எல்லோரும் பவர் பேங்க் கொண்டுபோகிறார்கள், சரி. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை; கோபுரத்தைத் தேடித் தேடிப் பற்றரியைத் தின்றுகொண்டே இருக்கும். காலையில் 100 வீதம் இருந்தது வழக்கத்தை விட வேகமாகக் குறைந்துவிடும். கரை மறைந்ததும் பிளைட் மோடில் போடுங்கள், இறங்குதுறை தெரிந்ததும் எடுங்கள். எடுக்கும்போது போன் புதிதாகக் கோபுரம் தேடுவதால் சிக்னலும் சீக்கிரம் வரும். பிளைட் மோடில் இருக்கும்போதும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும். கூகுள் மேப்ஸில் தீவின் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்திருந்தால் டேட்டா இல்லாமல் வழி பார்க்கலாம்.

வடக்குத் தீவுகளிலும் தலைமன்னாரிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தனுஷ்கோடிக்குப் போகும் இந்தியப் பயணிகளின் போனில் இலங்கை வலையமைப்பு தலைகாட்டுவது அங்கே பழகிப்போன சங்கதி. இடையில் 30 கிலோமீற்றர் அளவு கடல்தான். இந்தப் பக்கம் நிற்கும் போனும் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடலாம். ரோமிங் (வேறு நாட்டு வலையமைப்பில் போன் ஓடும் வசதி) திறந்திருந்தால் டேட்டா ஓடி, காசு கரையும். டேட்டா ரோமிங்கை மூடிவிட்டு, வலையமைப்புத் தெரிவைத் தானியங்கியிலிருந்து கைத்தெரிவுக்கு மாற்றி, உங்கள் கம்பனிப் பெயரையே தேர்ந்தெடுத்து வையுங்கள். ஊர் திரும்பியதும் மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறக்கக் கூடாது.

மாலைதீவுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே சுமார் 1,200 தீவுகள். மக்கள் குடியிருக்கும் தீவுகள் 200க்கும் குறைவு. ரிசோர்ட்கள் பெரும்பாலும் தனித் தீவுகளில். திராகு, ஊரிடூ என்ற இரண்டு கம்பனிகள்தான். நீங்கள் வேலைக்குப் போகும் தீவில் எது நன்றாக எடுக்கும் என்று அங்கே ஏற்கெனவே இருக்கும் ஊர்ப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, விமான நிலையத்திலேயே அந்த சிம்மை வாங்குங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். ஸ்பீட்போட்டில் ஏறிய பிறகு கடை இராது. இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கும் சிம்) பாவிப்பவர்கள் அதை இலங்கையிலேயே இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் இறக்குவதற்கே இணையம் தேவை.

இலங்கை சிம்மைக் கழற்றி எறிவது பெரிய பிழை. வங்கி அனுப்பும் ஓடிபி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அதைப் போனிலேயே இரண்டாவது சிம்மாக வைத்து, புறப்படும் முன் ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடிவையுங்கள். ரோமிங்கில் வரும் கோலை எடுத்தாலும் காசு வெட்டுவார்கள். எனவே அந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் ரீலோட் இல்லாமல் விட்டால் இலக்கமே பறிபோகலாம். புது சிம் போட்டதும் வட்ஸ்அப் "இலக்கத்தை மாற்றவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் பழைய இலக்கத்திலேயே ஓடும்.

தொடர்புகளில் அம்மாவின் இலக்கத்தை 077 என்று தொடங்கிச் சேமித்திருக்கிறீர்களா? மாலைதீவு சிம்மிலிருந்து அது போகாது. முன்னால் உள்ள 0வை எடுத்துவிட்டு +94 சேர்த்துச் சேமியுங்கள். இப்படிச் சேமித்தால் இலங்கைக்குள்ளும் வேலை செய்யும், ஆகவே இன்றைக்கே மாற்றலாம். மாலைதீவு நேரம் நமக்கு அரை மணித்தியாலம் பின்னால். பெரிய கப்பல்களில் வேலைக்கோ பயணத்துக்கோ போனால் கவனம். கரை மறைந்ததும் கப்பலின் செய்மதி வலையமைப்பை போன் பிடிக்கும், கட்டணம் மிக அதிகம்.

அந்தமான் போகிறவர்கள் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் மற்ற 7 தீவுகளுக்கும் கடலடிக் கேபிள் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆனால் செய்மதிப் போனை இந்தியாவுக்கு அனுமதியில்லாமல் கொண்டுபோகாதீர்கள். பிடித்தால் சிறைவரை போகும் விவகாரம் அது.

நம் அம்பாறையிலேயே இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்துப் படகுப் பயணமும் குமண காட்டுப் பாதையும் இதே கவனத்தைக் கேட்கும் இடங்கள்தான்.

கடைசியாக ஆபத்து நேரம். திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்று தெரிந்தால் சிக்னலே இல்லை என்று போனைப் பையில் போடாதீர்கள். உங்கள் கம்பனிக்குக் கோபுரம் இல்லை, வேறு யாருக்கோ இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். 112ஐ அழுத்தினால் போன் கிடைக்கிற எந்த வலையமைப்பிலும் போக முயலும். உங்கள் சிக்னல் இருந்தால் பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. நடுக்கடலில் போன் பாதுகாப்புச் சாதனம் ஆகாது. படகோட்டியிடம் ரேடியோ இருக்கிறதா, அது கடலில் ஆபத்துக்கு அழைக்கும் விஎச்எஃப் 16ஆம் சனலுக்குப் போகுமா, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று ஏறும் முன் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

போகும் முன் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: தங்குமிடத்தின் இலக்கம், கூடப் போகும் இன்னொருவரின் வேறு கம்பனி இலக்கம், திரும்பும் படகின் நேரம், எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், அதற்குப் பிறகு யாருக்கு எடுக்க வேண்டும் என்பது. அதே இலக்கங்களை இன்னொரு தாளில் எழுதி உங்கள் பர்சிலும் வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தாலும் யாரிடமாவது போன் வாங்கி எடுக்கலாம்.