மட்டக்குதிரைக்கு மாட்டுத் தீன் போடாதீர்கள்

திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மட்டக்குதிரை வாங்குகிற பொடியன்கள் மாட்டுக்குப் போடுவதையே அதற்கும் போடுகிறார்கள். தவிடு ஒரு வாளி, வைக்கோல் ஒரு கட்டு. மாடு அசைபோட்டுச் சமாளித்துவிடும். குதிரையின் இரைப்பை சின்னது, வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. பிழையாகத் தின்றால் வயிற்றுவலியில் உருண்டு துடிக்கும், செத்தும் போகலாம்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். தையல்கார நாடா போதும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்புட்டம் வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோக்கணக்கு வரும். சுற்றளவு 150 சென்ரிமீற்றர், நீளம் 130 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. நூற்றுக்கு இரண்டு பங்கு என்று பார்த்தால் நாளைக்கு 5 கிலோ காய்ந்த தீனி. பச்சைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர், ஆகவே வெட்டிப் போடுவதானால் 20 கிலோ வேண்டும்.

அறுகம்புல் கிடைத்தால் வேறெதையும் தேடாதீர்கள். வயல் வரம்பில் அறுப்பதானால் மருந்து அடித்த இடமா என்று முதலில் கேளுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும், மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் அதை அடக்கும். அதனால் நான் காலை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகுமுன் என்று நாலாகப் பிரித்துப் போடுகிறேன்.

தவிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் நெல் விளைகிற ஊர்கள், தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கினிப்புல்லிலும் நேப்பியர் புல்லிலும் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள், இருக்கிற கல்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. தவிட்டையும் இந்தப் புற்களையும் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவும். கண்ணுக்குக் கீழே முகத்தெலும்பு இரண்டு பக்கமும் தடித்துத் தலை பெருத்துவிடும். ஒரு வாரம் முன்கால் நொண்டும், அடுத்த வாரம் பின்கால். முகத்தைத் தேய்த்துவிடும்போது அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தடிப்புத் தட்டுப்பட்டால் தவிட்டை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்று அவர் சொல்லட்டும்.

கொள்ளு நன்றாக ஓடி உழைக்கிற குதிரைக்கு மட்டும், அவித்து ஆறவைத்து ஓரிரு கைப்பிடி. கொள்ளென்றால் வாய் திறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், போடப் போடத் தின்னும். எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாளாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கோழித்தீன் மூட்டை குதிரைக்கு எட்டவே கூடாது. சிலவற்றில் கலக்கிற மொனென்சின் என்ற கோழி மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். இப்பில் இப்பில் (சவுண்டல்) மரத்து இலை பிடரி, வால் மயிரை உதிரச் செய்யும்.

சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்த அளவுக் குதிரை 30 லீற்றருக்கு மேலும் குடிக்கும். வாளி ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் தீனியில் ஒரு மேசைக்கரண்டி கறியுப்புச் சேருங்கள். மாரியில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறிக் காயவைத்துக் கொடுக்க நினைக்காதீர்கள், அப்படியே கொட்டிவிடுங்கள்.

அப்புறம் நம்முடைய மணல். தரையில் புல்லைப் போட்டால் அதோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தேங்கும். பழைய பரலை (பீப்பாயை)ப் பாதியாக வெட்டி, விளிம்பை மழுக்கி, அதற்குள் போடுங்கள். மாதம் ஒரு தடவை, நிலத்தில் படாத சாணத்தில் ஐந்தாறு உருண்டை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கால் மணித்தியாலம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். படியாவிட்டாலும் குடலுக்குள் இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, அடுத்த மாதமும் பாருங்கள்.