ஆங்கில எழுத்து வகுப்புக்கு இலவசப் பாடநூல்களிலிருந்து தொகுப்பு தயாரிப்பது எப்படி?

‘இலவசப் பாடநூல்’ என்று தேடினால் மூன்று வகைச் சரக்கு வந்து விழும். யாரோ ஸ்கேன் செய்து ஏற்றிவிட்ட விலைநூல் ஒன்று. அதைத் தொடவே வேண்டாம். படிக்க மட்டும் இலவசமானது இரண்டாவது. பர்டூ பல்கலைக்கழகத்தின் ‘ஆன்லைன் ரைட்டிங் லேப்’ அப்படிப்பட்டது: மாணவர்களுக்குச் சுட்டி அனுப்பலாம், பக்கங்களை எடுத்து உங்கள் தொகுப்பில் சேர்க்க முடியாது. நகலெடுக்கவும் பகிரவும், பல சமயம் வெட்டித் திருத்தவும் முன்கூட்டியே அனுமதி தந்திருக்கும் திறந்த உரிம நூல் மூன்றாவது. தொகுப்பு தயாரிக்க ஆசிரியருக்கு உதவுவது இந்த மூன்றாவது வகைதான்.

ஒரு முழு நூலையும் அப்படியே பாடமாக வைக்க முயலாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டு எழுத்து வகுப்புக்காக எழுதப்பட்டவை. நம் பகுதி 2 ஆங்கிலத் தாளுக்கு ஒரு செமஸ்டரில் மூன்று நான்கு இயல்கள் ஓடினாலே பெரிய விஷயம். முதலில் உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பத்தி எழுதுதல், கட்டுரை, மேற்கோள் காட்டுதல் என்று தலைப்புகளைப் பட்டியலிடுங்கள். நூலைத் தேடுவது அதற்குப் பிறகு.

எங்கே தேடுவது

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய ‘ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி’தான் நல்ல நுழைவாயில். திறந்த உரிமம் உள்ள நூல்களை மட்டுமே அதில் சேர்க்கிறார்கள். பல நூல்களுக்குக் கீழே கல்லூரி ஆசிரியர்கள் பத்து அளவுகோல்களில் எழுதிய மதிப்புரைகள் இருக்கும். நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிட்டத்தட்ட எல்லா நூலுக்கும் நான்குக்கு மேல் விழுந்திருக்கும். ‘மாடுலாரிட்டி’, ‘கல்ச்சுரல் ரெலவன்ஸ்’ என்ற இரண்டு பத்திகளை மட்டும் படியுங்கள். இயல்களைத் தனித்தனியே பிரித்துக் கொடுக்க முடியுமா என்பதை முதலாவது சொல்லும். உதாரணங்கள் யாருக்குப் புரியும் என்பதை இரண்டாவது சொல்லும்.

எழுத்து வகுப்புக்கு மூன்று நூல்களை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ‘ரைட்டிங் ஃபார் சக்சஸ்’ 15 இயல்கள் கொண்டது. வாக்கியம், நிறுத்தற்குறி, பத்தி, கட்டுரை, ஆய்வுக் கட்டுரை என்று படிப்படியாகப் போகும். ஐந்தாம் இயல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது. நம் மாணவர்களுக்கு அதுதான் முதலில் கைகொடுக்கும். டெக்சஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ 2021-இல் வெளியிட்ட ‘ரைட்டிங் கைட் வித் ஹேண்ட்புக்’ புதியது, விரிவானது, ஆனால் மொழிநடை கொஞ்சம் கனம். பின்பகுதியில் உள்ள இலக்கணக் கையேட்டைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் தொடங்கிய ‘ரைட்டிங் ஸ்பேசஸ்’ தொகுதிகள் மாணவர்களை நோக்கிப் பேசும் தனித்தனிக் கட்டுரைகள். முதுகலை வகுப்புக்குப் பொருந்தும்.

ஒரே நூல் ‘லிப்ரேடெக்ஸ்ட்ஸ்’ போன்ற வேறு தளங்களிலும் பிரதிகளாக இருக்கும். சில பிரதிகளில் இயல் வரிசை மாறியிருக்கும், சிலவற்றில் பகுதிகள் நீக்கப்பட்டிருக்கும். மூலப் பதிப்பாளரின் பக்கத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

உரிமத்தில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள்

திறந்த நூல்களில் வழக்கமாக இருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பெயரில் ‘பை’ (BY) மட்டும் இருந்தால், பெயர் குறிப்பிட்டுவிட்டு எதையும் செய்யலாம். ‘என்சி’ (NC) என்றால் வணிக நோக்கம் கூடாது. ‘எஸ்ஏ’ (SA) என்றால், நீங்கள் திருத்தி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ‘என்டி’ (ND) இருந்தால் திருத்திய வடிவத்தைப் பகிரக் கூடாது. தமிழாக்கமும் திருத்தமாகத்தான் கணக்கில் வரும். என்டி கட்டுரைக்குத் தமிழ் விளக்கம் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். கட்டுரையை மொழிபெயர்த்து விநியோகிக்காதீர்கள்.

கலக்கும்போது சிக்கல் வரும். ‘ரைட்டிங் ஃபார் சக்சஸ்’ நூலுக்கு பை-என்சி-எஸ்ஏ உரிமம். ‘ரைட்டிங் கைட்’டுக்கு பை மட்டும். இரண்டையும் குழைத்து ஒரே பாடமாக எழுதினால் முடிவில் வருவது பை-என்சி-எஸ்ஏ உரிமத்துக்குள்தான் அடங்க வேண்டும். குழைக்காமல் அடுத்தடுத்து வைத்துத் தைத்தால் ஒவ்வொன்றும் தன் உரிமத்தோடு நிற்கும். ‘ரைட்டிங் ஸ்பேசஸ்’ கட்டுரைகளுக்கு உரிமம் முதல் பக்க அடிக்குறிப்பில் இருக்கும். கட்டுரைக்குக் கட்டுரை பாருங்கள், தொகுதிக்கு ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

என்சி நூலை ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். கடைக்காரர் லாபம் பார்க்கிறாரே! அமெரிக்காவில் இதே விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பள்ளிகளுக்காக ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் நகல் கடைகள் என்சி பாடங்களை நகலெடுத்தது உரிம மீறல் ஆகாது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அந்நாட்டுத் தீர்ப்பு என்பதை மறக்க வேண்டாம். நகல் செலவுக்கு மேல் துறை ஒரு ரூபாய்கூட வசூலிக்காமல் இருப்பது நல்லது.

காலாவதியான பக்கங்கள்

‘ரைட்டிங் ஃபார் சக்சஸ்’ நூலின் மினசோட்டா பதிப்பு 2015-இல் வந்தது. மேற்கோள் முறையைச் சொல்லும் எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) கையேட்டின் எட்டாம் பதிப்பு 2016, ஒன்பதாவது 2021. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் ஏழாம் பதிப்பு 2019. ஆகவே மேற்கோள் முறை பேசும் பதின்மூன்றாம் இயலை அப்படியே கொடுத்தால் மாணவர் பழைய முறையைக் கற்பார். எம்எல்ஏ பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் பின்னால் ‘பிரிண்ட்’, ‘வெப்’ என்று எழுதுவது எட்டாம் பதிப்போடு போய்விட்டது. ஏபிஏவில் பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் இப்போது வேண்டாம். அந்த இயலை நீக்கிவிட்டு இரண்டு பக்கத்தில் நீங்களே எழுதுவது வேலையைக் குறைக்கும்.

‘தேங்க்ஸ்கிவிங்’ விருந்து, டாலர் கணக்கு, ‘ஃப்ரெஷ்மேன்’ என்று வரும் உதாரணங்களை உரிமம் அனுமதித்தால் மாற்றுங்கள். பேருந்து, விடுதி, அரியர் தேர்வு என்று வைத்தால் மாணவர் வாக்கிய அமைப்பைக் கவனிப்பார். பொருள் தேடி அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

வெட்டுவது, அச்சிடுவது

திருத்தப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்தி உடையும், அட்டவணை சிதறும், பக்கத் தலைப்பு நடுவில் வந்து நிற்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து லிப்ரேஆபிஸிலோ கூகுள் டாக்ஸிலோ ஒட்டினால் தலைப்புநிலைகள் கெடாமல் வரும். பிரெஸ்புக்ஸ் என்ற நூல் வெளியீட்டுத் தளத்தில் உள்ள நூல் என்றால் முகப்பிலேயே பதிவிறக்கப் பட்டியல் உண்டு. பதிப்பாளர் திறந்துவைத்திருந்தால் திரைக்கு ஏற்ப வரிகள் மாறி அமையும் இபப் (EPUB) வடிவமும் கிடைக்கும். கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கு அதைக் கொடுங்கள், பெரிய பிடிஎஃப்பை அல்ல.

திருத்தாமல் சில பக்கங்களை மட்டும் எடுக்க, பிடிஎஃப்பைத் திறந்து அச்சிடும் கட்டளையில் பக்க எண்களைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் ‘பிடிஎஃப்பாகச் சேமி’ என்று தேர்ந்தெடுங்கள். தாளில் அச்சான எண்ணும் கோப்பின் எண்ணும் ஒன்றாக இராது. முன்னுரைப் பக்கங்களுக்கு ஏற்ப பத்து, பதினைந்து தள்ளியிருக்கும். தவறான பக்கத்தை எல்லாரும் எடுத்துவருவது இதனால்தான்.

அமெரிக்கப் பக்கம் பெரும்பாலும் ‘லெட்டர்’ அளவு: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். ஏ4 தாளின் அகலம் 210-தான். ‘ஃபிட்’ தேர்வு செய்யாவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம். தேர்வு செய்தால் சுமார் 97 சதவீதத்துக்குச் சுருங்கி அடங்கிவிடும். 60 பக்கத் தொகுப்பு இருபுறமும் அடித்தால் 30 தாள். ஒரு புறத்தில் இரண்டு பக்கம் வைத்தால் 15 தாள்தான், ஆனால் குறிப்பெழுத ஓரம் இராது. எழுத்து வகுப்புக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம்.

தொகுப்பின் முதல் தாளில் நூல் தலைப்பு, ஆசிரியர், எடுத்த இணைய முகவரி, உரிமம் ஆகிய நான்கையும் எழுதி, எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ‘ரைட்டிங் ஃபார் சக்சஸ்’ விசித்திரமானது: மினசோட்டாவுக்கு முன் அதை முதலில் வெளியிட்ட பதிப்பாளர் தன் பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால், மினசோட்டா பல்கலைக்கழக நூலக வெளியீடு என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

பிரெஞ்சு, ஜெர்மன், தமிழ்

பிரெஞ்சு வகுப்புக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ‘பிரான்சே இன்டராக்டிஃப்’, ஜெர்மனுக்கு அதே இடத்தின் ‘டாய்ச் இம் பிளிக்’. இவற்றில் பிடிஎஃப் பாதி நூல்தான்; மறுபாதி தளத்தில் இருக்கும் காணொளிகளும் ஒலிப்பதிவுகளும். வகுப்பறையில் இணையம் தடுமாறும் என்றால் அந்த வாரத்துக்கானவற்றை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதி 1 தமிழுக்கு, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பயன்படும். கோப்பின் தலைப்பகுதியை நீக்காமல் பகிர வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. பழைய எழுத்துருவில் உருவான தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடாக இருந்தாலும் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி ஒட்டும். ஒரு பத்தியை மட்டும் நகலெடுத்து, அதில் ‘கொ’ வரும் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு இணையப் பக்க வடிவத்தை எடுங்கள்.