ஓசார்க் மலையில் வான்கோழி வேட்டை: முதல் தடவை போகிறவர்களுக்கு

பிப்ரவரி வந்தால் போதும், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்தோ பென்டன்வில்லிலிருந்தோ யாராவது போன் செய்து, "அக்கா, இந்த வருஷம் எங்களையும் வான்கோழி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்பார்கள். தாராளமாகக் கூட்டிப் போவேன். ஆனால் என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: மார்ச் மாதக் குளிரில், இருட்டோடு இருட்டாகப் போய், விடிந்து வெயில் ஏறும்வரை ஒரு மரத்தடியில் அசையாமல் உட்காருவீர்களா? முடியும் என்றால் மிச்சத்தைச் சொல்லித்தந்துவிடலாம். இந்த வேட்டையில் காதுக்குத்தான் வேலை அதிகம். சுடுவது கடைசியில் வரும் ஒரு நொடி.

நான் இருப்பது மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியில், வெஸ்ட் பிளெய்ன்ஸ் பக்கம். இங்கே நான் எழுதும் விதிகள் மிசௌரிக்கானவை. ஆர்கன்சாவில் இருப்பவர்களுக்கு அந்த மாநிலத்தின் உரிமமும் விதியும் தனி. எல்லை தாண்டி இங்கே வந்தால் வெளிமாநிலத்தவருக்கான உரிமம் வாங்க வேண்டும்.

முதலில் காகித வேலையை முடித்துவிடுவோம். 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக, வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் அதை ஆன்லைனிலேயே முடிக்கலாம். சான்றிதழ் இல்லாமல் ஒரு சீசன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால், தகுதியுள்ள ஒருவரின் துணையோடு போக 'அப்ரென்டிஸ்' அனுமதி உண்டு. அதை இரண்டு வருஷத்துக்கு மேல் வாங்க முடியாது.

நம் ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பருடைய துப்பாக்கியை இரவல் வாங்கிக் கையில் எடுத்தாலும் சிக்கல்தான். ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். குறி பார்த்துச் சுடப் பழகப் போவதற்கும் இதே வரிசைதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தப் பறவை இங்கே இருக்கிறது என்பதையே நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1880களிலிருந்து நாற்பது வருஷம்போல இந்த மலைகளின் பைன் மரங்களை மொட்டையாக வெட்டித் தள்ளினார்கள். பிறகு காட்டில் பன்றியையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டு, வருஷா வருஷம் தீ வைத்தார்கள். 1937இல் வான்கோழி சீசனையே மூட வேண்டி வந்தது. 1950களின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்க 2,500 பறவைகள்கூட இல்லை. 1954இலிருந்து மாநில வனவிலங்குத் துறையினர் பெக் ரேஞ்ச் போன்ற இடங்களில் மிஞ்சியிருந்தவற்றை வலைபோட்டுப் பிடித்து, காடு தேறியிருந்த மற்ற மாவட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1960இல் மூன்றே நாள் சீசன் திறந்தபோது கிடைத்தவை 94 சேவல்கள். பின்னாளில் பெருகிய வான்கோழிகளை மற்ற மாநிலங்களுக்கும் கொடுத்தார்கள். கென்டக்கிக்கு வான்கோழி கொடுத்து, பதிலுக்கு லூசியானா நீர்நாய்களை வாங்கி இங்குள்ள ஆறுகளில் விட்டார்கள். கரன்ட் ஆற்றில் படகில் போகும்போது நீர்நாய் கண்ணில் பட்டால் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

சரி, காட்டுக்குப் போவோம்.

சீசன் ஏப்ரல் மூன்றாவது திங்களன்று தொடங்கி மூன்று வாரம் நடக்கும். அதற்குள் பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து முட்டையிடவோ அடைகாக்கவோ ஆரம்பித்திருக்கும் என்பதுதான் இந்தத் தேதியின் கணக்கு. நீங்கள் மார்ச் நடுவிலேயே காட்டுக்குள் நடக்க ஆரம்பியுங்கள். மார்க் ட்வைன் தேசிய வனம் மட்டுமே ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். ஐரிஷ் வில்டர்னஸ் பகுதிக்குள் வண்டியே போகாது; அரை மணி நேரம் நடக்கத் தயாராக இருந்தால் கூட்டமும் இருக்காது.

எதைத் தேடுவது? ஓக் மரங்களுக்கு அடியில் சருகு கிளறிக் கிடக்கிறதா பாருங்கள். கோழி சீய்த்த இடம் நமக்குத் தெரியாதா என்ன! அதே அடையாளம்தான், அளவு மட்டும் பெரிது. எச்சத்தைக் குனிந்து பாருங்கள்: நீளமாக, ஒரு முனை கொக்கிபோல வளைந்திருந்தால் சேவல், சுருண்டு உருண்டையாகக் கிடந்தால் பெட்டை. உதிர்ந்த மார்பிறகின் நுனி கறுப்பாக இருந்தால் சேவல், பழுப்பாக இருந்தால் பெட்டை. மணல் ரோட்டில் இறக்கை நுனிகள் இழுத்த கோடுகள் இரண்டு பக்கமும் தெரிந்தால், அங்கே ஒரு சேவல் தோகை விரித்து நடந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் பெட்டைபோலக் குரல் கொடுத்துப் பார்க்கவே கூடாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. சீசனுக்கு முன்பே நாலு பேர் நாலு இடத்தில் சும்மா கூப்பிட்டுப் பழகினால், சேவலுக்கு அந்தச் சத்தத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். வீட்டில், காரில் பழகுங்கள். காட்டில் காது மட்டும் போதும். விடிவதற்கு முன் முதலில் பக்கி என்ற இராப்பறவையின் குரல் நிற்காமல் ஓடும், அது ஓய்ந்ததும் கார்டினல் குருவிகள், அப்புறம் ஆந்தை. இங்குள்ள பார்டு ஆந்தை 'ஹூ ஹூ ஹுஹூ, ஹூ ஹூ ஹுஹூ...ஆ' என்று கூவினால், மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தன்னையறியாமல் 'கொளகொளகொள' என்று பதில் கொடுத்துவிடும். இடி இடித்தாலும் காக்கை கத்தினாலும் அதே கதை. அந்தி நேரத்தில் நீங்களே ஆந்தைபோலக் கூவி, எந்தச் சரிவில் அடைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் மறுநாள் வேலை பாதி முடிந்தது.

சாமான் பட்டியல் பெரிதில்லை. 12 அல்லது 20 கேஜ் ஷாட்கன், குழல் வாயைக் குறுக்கும் இறுக்கமான சோக். தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சிறு குண்டுகள், நான்காம் நம்பர் ரவையைவிடப் பருமனாக இருக்கக் கூடாது என்பது விதி (நம்பர் கூடக் கூட ரவை சிறிதாகும்). சீசனுக்கு முன் காகிதத்தில் ஒரு வான்கோழித் தலை வரைந்து, 20, 30, 40 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். ரவை எந்தத் தூரம்வரை நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. 40 கெஜத்துக்கு மேல் யாருக்கும் வேண்டாம். காயப்பட்டுப் பறந்துபோன சேவல் யாருக்கும் பிரயோஜனமில்லை. முகம், கை உட்பட உடம்பு முழுக்க இலை நிற உடை. சிவப்பு, வெள்ளை, நீலம் உள்ளாடையில்கூட வேண்டாம், அவை சேவல் தலையின் நிறங்கள். கூப்பிட, சிலேட்டுக் கருவி ஒன்று போதும். வட்டச் சிலேட்டின் மேல் மரக்குச்சியைச் சாய்த்துப் பிடித்துச் சின்னதாக நீள்வட்டம் போட்டால் 'கியோக், கியோக், கியோக்' என்று பெட்டையின் குரல் வரும். குச்சியை மேலே எடுக்கவே கூடாது. சிலேட்டு வழவழப்பானால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதும், தீனி தூவுவதும் குற்றம். தீனி போட்ட இடம், அதை முழுக்க அகற்றி 10 நாள் ஆகும்வரை தீனி போட்ட இடமாகவே கருதப்படும்.

அப்புறம் உண்ணி. இதை ஏனோதானோ என்று விடாதீர்கள். பெண் லோன் ஸ்டார் உண்ணியின் முதுகில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடித்தால் சிலருக்கு, பாலூட்டிகளின் கறியில் இருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை வருகிறது: ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு மூச்சுத் திணறல்கூட. நான் வேலை செய்யும் லேபுக்கு இந்தப் பரிசோதனைக்கான ரத்தம் வந்துகொண்டேதான் இருக்கிறது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை முந்தின நாளே உடைக்கும் பூட்சுக்கும் அடித்துக் காயவையுங்கள். அது துணிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள்.

வேட்டை நாளன்று, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். சேவல் அடைந்திருக்கும் மரத்திலிருந்து நூறு, நூற்றைம்பது கெஜம் தள்ளி, அது இருக்கும் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ உட்காருங்கள். நடுவில் ஓடையோ வேலியோ இருந்தால் அதைத் தாண்டி வரப் பெரும்பாலும் யோசிக்கும். உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உருவம் தனியாகத் தெரியாது. பின்னால் இருந்து வேறு வேட்டைக்காரர் தவறிச் சுட்டாலும் மரம் தாங்கும். முழங்காலை மடக்கி, துப்பாக்கியை அதன் மேல் வைத்து, சேவல் வரும் திசைக்கு இடது தோளைத் திருப்பி வையுங்கள். இடதுகைக்காரர் என்றால் வலது தோள்.

வெளிச்சம் வரும்போது மெதுவாக மூன்று நான்கு தடவை கூப்பிடுங்கள். பதில் வந்தால் குச்சியைக் கீழே வையுங்கள். இங்கேதான் எல்லோருக்கும் கை அரிக்கும். இயற்கையில் சேவல் கொக்கரிக்கும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். மேலும் மேலும் கூப்பிட்டால், 'வருகிறாள், நிற்போம்' என்று அது எழுபது கெஜத்தில் நின்றுகொண்டு தோகை விரித்துக் காட்டிக்கொண்டே இருக்கும். பேசாமல் இருந்தால் தேடிக்கொண்டு வரும். கொக்கரிப்பு திடீரென்று நின்றுபோனால் எழுந்து போய்விடாதீர்கள், சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கலாம். முக்கால் மணி நேரம் காத்திருங்கள். விடிந்ததும் பெட்டைகளோடு போய்விட்ட சேவல்கூட, ஒன்பது பத்து மணிக்கு அவை கூட்டுக்குப் போனபின் தனியாகத் திரிந்து, பதில் சொல்லிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் காபி குடிக்கக் கிளம்பியிருப்பார்கள். அரசு நிலங்களில் வேட்டையை எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொக்கரிப்பை நோக்கி ஊர்ந்து போகாதீர்கள். அந்தச் சத்தம் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். யாராவது உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல், வாய் திறந்து சத்தமாகப் பேசுங்கள்.

சேவல் தெரிந்துவிட்டது. மார்பில் தொங்கும் தாடியைப் பாருங்கள். தாடி தெரியாத பறவையைச் சுடக் கூடாது. அபூர்வமாகச் சில பெட்டைகளுக்கும் தாடி இருக்கும், சட்டம் அதை அனுமதிக்கிறது. நான் சுடமாட்டேன், என்னோடு வருகிறவர்களையும் சுட விடமாட்டேன். தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் துப்பாக்கியை நகர்த்துங்கள். தோகை விரித்திருக்கும்போது கழுத்து உள்ளே இழுத்திருக்கும், அப்போது வேண்டாம். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தால் கழுத்தை நீட்டிப் பார்க்கும். பின்னால் வேறு பறவையோ ஆளோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தலையும் கழுத்தும் சேரும் இடத்தைக் குறி வையுங்கள்.

விழுந்ததும் அங்கேயே உரிமத்தில் பதிந்து, அன்று இரவு 10 மணிக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு வேட்டைக்காரர் உயிருள்ள பறவை என்று நினைத்துவிடாதபடி, ஆரஞ்சு நிறப் பையில் போட்டுத் தூக்கி வாருங்கள். ஏப்ரல் வெயில் மோசம். குடலை உடனே எடுத்துவிடுங்கள். இங்கே பலர் மார்புக்கறியை மட்டும் வெட்டிக்கொண்டு காலை எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. காட்டில் நடந்த கால் கடினம்தான், நரம்புபோல எலும்புச் சில்லுகளும் இருக்கும். குக்கரில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், இஞ்சியோடு நன்றாக வேகவிட்டு, ஆறியபின் சதையை விரலால் பிரித்து எடுத்துச் சுக்காவாக வதக்குங்கள். பறவைக்கறியில் ஆல்ஃபா-கேல் கிடையாது என்பதால் ஆட்டுக்கறியை விட்டவர்களும் சாப்பிடலாம்.

சமீப வருஷங்களில் ஓசார்க்கில் குஞ்சுகள் குறைந்திருக்கின்றன. பெட்டை தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கிறது. ரக்கூனும் மழையும் தப்பவிட்டால்தான் உண்டு. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரங்களில் பூச்சிதான் சாப்பாடு. அது புல்லும் வெயிலும் உள்ள திறந்த இடத்தில்தான் கிடைக்கும். சிடார் மரம் அடைத்துக்கொண்ட மேட்டில் கிடைக்காது. நிலம் வைத்திருப்பவர்கள் சிடாரை வெட்டுங்கள், துறையின் உதவியோடு கட்டுப்பாடான தீ வையுங்கள், மே, ஜூனில் புல் வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். நிலம் இல்லாதவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துறை நடத்தும் குஞ்சுக் கணக்கெடுப்பில் சேரலாம். ரோட்டோரம் பார்க்கும் பெட்டை, குஞ்சு, சேவல் எத்தனை, எந்த மாவட்டம், எந்தத் தேதி என்று குறித்து அனுப்ப வேண்டும். குஞ்சு இல்லாமல் தனியாகத் திரியும் பெட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். குஞ்சோடு இருப்பதை மட்டும் எழுதி அனுப்பினால், ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்ற கணக்கு உண்மையைவிட நன்றாகத் தெரிந்துவிடும்.