பாம்பு வெளியே வரவே மாட்டேன் என்கிறதா?

வளர்ப்புப் பாம்பு பகல் முழுக்க ஒளிந்தே கிடக்கிறது என்று பதற வேண்டாம், பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஒரு மலைப்பாம்பு) மாதிரி வகைகளுக்கு அதுதான் இயல்பு. கவனிக்க வேண்டியது பழக்கம் மாறுவதைத்தான். வழக்கத்தைவிட அதிகமாகப் பதுங்கினால் முதலில் கண்ணைப் பாருங்கள்: பால் கலந்தாற்போல் நீலம் பூத்து, தோலும் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, பார்வை சரியாகத் தெரியாத நேரம் அது, தயவுசெய்து தூக்காதீர்கள், ஈரப்பாசி போட்ட ஒரு பெட்டி மட்டும் உள்ளே இருக்கட்டும். இரை தின்றபின் பதுங்குவதும் சகஜம்.

அதெல்லாம் இல்லையென்றால் வெப்பமானியை எடுங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் சுமார் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26 போல இருக்கணும். குளிர்ந்த பக்கமே கதியென்று கிடந்தால் சூடு அதிகமாகியிருக்கலாம். சில சமயம் அங்கே உள்ள ஒளிவிடம்தான் உடம்பை ஒட்டி இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகவே சூட்டைக்கூட விட்டுவிட்டு அங்கே சுருண்டுகொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளிவிடம் வையுங்கள்.

ஒளிவிடத்தை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறுகிறதா? தாடைக்கு அடியில், கண்ணைச் சுற்றி மிளகைவிடச் சின்னதாகக் கறுப்புச் சிற்றுண்ணி (mite) நகர்கிறதா பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.