டிமென்ஷியா இருக்குற பெரியவங்களுக்குப் பாட்டு போடுறது எப்பிடி? வீட்லயே செய்யலாம்

சாயங்காலமானா "எங்க வீட்டுக்குப் போறேன்"னு வாசலுக்குக் கெளம்புறது, குளிக்கக் கூப்ட்டா கத்துறது, பெத்த புள்ளையவே யாருன்னு கேக்குறது, இதெல்லாம் உங்க வீட்ல நடந்துகிட்டு இருக்குன்னா இது உங்களுக்குத்தான் எழுதுறேன். பாட்டு இந்த மறதி நோயைக் குணப்படுத்தாது, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா படபடப்பு கொறையும், மொகம் கொஞ்சம் தெளியும், அன்னைய பொழுது சண்டை இல்லாம போகும். பேரு, தேதி, காலையில என்ன சாப்ட்டோம்ங்குறதெல்லாம் மறந்த பெறகும் சின்ன வயசுல பழகுன பாட்டு ரொம்ப நாளைக்கு உள்ள தங்கியிருக்கும், பேச்சே தடுமாறுறவங்க கூட பாட ஆரம்பிச்சா வரி மாறாம பாடுறதுண்டு.

ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம், பாட்டு அவங்களோடதா இருக்கணும். வயசானவங்கன்னா சாமி பாட்டுதானேன்னு நம்மளா முடிவு பண்ணி காலைலேந்து ராத்திரி வரைக்கும் பக்திப் பாட்டை ஓட விடுறதுதான் பாதி வீட்ல நடக்குது.

1. அவங்க பாட்டு எதுன்னு கண்டுபிடிங்க

இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும். 10 வயசுலேந்து 25 வயசு வரைக்கும் கேட்டதுதான் ஆழமா பதிஞ்சிருக்கும், அதனால 1945ல பொறந்தவங்கன்னா 1955லேந்து 1970 வரைக்கும் அவங்க காதுல என்ன விழுந்திருக்கும்னு யோசிங்க. டூரிங் கொட்டாய்ல படம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி கூம்பு ஸ்பீக்கர்ல போட்ட பாட்டு, டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி கோவிந்தராஜன், இலங்கை வானொலி இப்பிடி சினிமா பக்கம் நெறைய இருக்கும். திருச்சி வானொலி 1939லேந்தே இருக்கு, அதுல வந்த கச்சேரி கேட்டு வளந்தவங்க நம்ம டெல்டாவுல ஏராளம். நாகூர் பக்கத்து முஸ்லிம் வீடுன்னா நாகூர் ஹனிபா, வேளாங்கண்ணி பக்கம் மாதா பாட்டு, தை மாசம் திருவையாறு ஆராதனைக்குத் தவறாம போனவங்கன்னா தியாகராஜரோட பஞ்சரத்னக் கீர்த்தனை.

ஆனா வயல்ல வேலை பாத்த பொம்பளைங்களுக்கு இது எதுவுமே இல்லாம இருக்கலாம். எங்க அப்பாயி பாபநாசம் பக்கம் நடவுக்குப் போனவங்க, சினிமாப் பாட்டு போட்டா சும்மா பாத்துகிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு நாள் அம்மா அவங்களுக்குத் தலை சீவிகிட்டே நடவுப் பாட்டு ஒண்ணை முணுமுணுத்தாங்க, அடுத்த அடியை அப்பாயி எடுத்துட்டாங்க, எடது கையில நாத்து முடிச்சு இருக்குற மாதிரி புடிச்சிகிட்டு வலது கை விரலால ஒண்ணொண்ணா பிரிச்சு மடியில நட்டுகிட்டே பாடி, கடைசியில குலவையும் போட்டாங்க. இந்த மாதிரி பாட்டெல்லாம் யூடியூப்ல தேடுனா அப்பிடியே கெடைக்காது, ஊருக்கு ஊர் மாறும். அவங்க தங்கச்சி, கூட வேலைக்குப் போனவங்க யாராச்சும் இருந்தா போய் பாடச் சொல்லி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க, அவங்களும் இருக்கும்போதே பண்ணுங்க.

அப்ப இன்னொண்ணும் கேட்டுக்கங்க, எந்தப் பாட்டு போடக் கூடாதுன்னு. எறந்து போன புள்ளைக்குப் புடிச்ச பாட்டு, ஒப்பாரி சாயல்ல இருக்குறது, இதெல்லாம் தள்ளி வச்சிடுங்க.

2. சாமான்

பெருசா ஒண்ணும் வேணாம். ஃபோன் ஸ்பீக்கர் கீச்சுன்னு இருக்கும், வயசான காதுக்கு அந்தக் கீச்சுச் சத்தம்தான் மொதல்ல கேக்காம போகும், அதனால பென் டிரைவ் போடுற சின்ன ஸ்பீக்கர் போதும். காது மெஷின் வச்சிருந்தா மாட்டி விடுங்க, டிவியை நிறுத்துங்க. யூடியூப்ல நேரா போடாதீங்க, பாட்டு நடுவுல விளம்பரம் திடீர்னு அலறுனா அவங்க பயந்துடுவாங்க, முன்னாடியே ஏத்தி வச்சுக்கங்க. ஹெட்ஃபோன் சில பேருக்கு ஒத்துக்கும், காதை யாரோ அடைக்குறாங்கன்னு புடுங்கிப் போட்டா விட்டுடுங்க.

3. நேரம் பாத்து போடுங்க

நாள் முழுக்க ஓடுனா அது வெறும் சத்தம். எந்த நேரம் கஷ்டமோ அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 20 நிமிஷம் இல்ல அரை மணி நேரம். நெறைய பேருக்கு வெளிச்சம் மங்குற நேரத்துலதான் பதட்டம் கூடும், அவங்களுக்கு 4 மணி, 5 மணிக்கே ஆரம்பிச்சிடுங்க, கத்த ஆரம்பிச்ச பெறகு போட்டா எரிச்சல்தான் ஏறும். குளிக்கிறது, சாப்புடுறது ஒவ்வொண்ணுக்கும் ஒரே பாட்டா வச்சுக்கங்க. எங்க வீட்ல குளியலுக்கு முன்னாடி அந்த நடவுப் பாட்டுதான், முடிஞ்சதும் அம்மா "நடவு முடிஞ்சிட்டுங்க அத்தை, வாங்க கை கால் கழுவிக்கலாம்"பாங்க, அப்பாயி எந்திரிச்சு வந்துடுவாங்க. எங்க தெருவுல ஒரு தாத்தா, வயசுல சாமி புறப்பாடு எங்கன்னாலும் மேளத்துக்காகவே போனவரு, நாற்காலிய விட்டு எழுப்பவே முடியாது. சாமி கெளம்புறப்ப நாயனத்துல வாசிக்குற மல்லாரியைப் போட்டுட்டு அவரு பொண்ணு "சாமி பொறப்பட்டாச்சுப்பா"ன்னு கையை நீட்டுவாங்க, கூடம் வரைக்கும் மெதுவா நடந்து வருவாரு.

4. பக்கத்துல உக்காருங்க

பாட்டைப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிடாதீங்க. எதிர்ல உக்காந்து, கையைப் புடிச்சுக்க விட்டா புடிச்சுகிட்டு, தெரிஞ்ச வரியைக் கூடப் பாடுங்க, கொரல் நல்லா இல்லேன்னா பரவால்ல. "இது யாரு பாடுனது சொல்லுங்க பாப்போம்"னு கேக்கவே கேக்காதீங்க, அது பரீட்சை, தெரியலேன்னா கூனிப் போயிடுவாங்க. "நல்லாருக்குல்ல"ன்னு சொன்னா போதும், அவங்களே ஏதாச்சும் பேசுவாங்க, ஊரு பேரு ஆளு பேரு தப்பா வந்தாலும் திருத்த வேணாம்.

5. கவனிங்க, எழுதி வைங்க

தொடையில தாளம், உதடு அசையுறது, மூச்சு நிதானமாவுறது இதெல்லாம் நல்ல அறிகுறி. மொகம் சுளிச்சா, காதைப் பொத்துனா, எந்திரிச்சுப் போகப் பாத்தா உடனே நிறுத்துங்க. அழுதா பயப்பட வேணாம், சில அழுகை பாரம் எறங்குறதுதான், ஆனா தேம்பி தேம்பி நிக்காம போனா பாட்டை அணைச்சிட்டுக் கூட இருங்க. எந்தப் பாட்டு, எத்தன மணி, என்ன பண்ணாங்கன்னு காலண்டர் தாள் பின்னாடி கிறுக்கி வச்சா கூடப் போதும், ராத்திரி முறைக்கு வர்றவங்களுக்கு அதுதான் கைகாட்டி.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு மூணு நாளைக்குள்ள திடீர்னு கொழப்பமோ கோவமோ ரொம்பக் கூடிட்டா பாட்டு போட்டு சமாளிக்கப் பாக்காதீங்க. மூத்திரக் கடுப்பு, மலச்சிக்கல், காச்சல், எங்கயோ வலின்னு வாய்விட்டுச் சொல்லத் தெரியாமதான் அப்பிடிப் பண்ணுவாங்க, உடனே டாக்டர்ட்ட காட்டுங்க, மருந்தையும் நீங்களா நிறுத்தாதீங்க. எங்க போறதுன்னே தெரியலேன்னா முதியோர் உதவி எண் 14567 இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.