முட்டத்துப் பாறையை மதுரைச் சுவருக்குக் கொண்டுவருவது எப்படி

கடற்கரைப் பாறையை வரைய ஆசைப்படும் மதுரைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது, யானைமலையில் கை பழகுங்கள் என்பதுதான். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் போகும் ரோட்டில் ஓரமாக உட்காருங்கள். மலையின் வெளி உருவத்தை விடுங்கள், விரிசல்களைப் பாருங்கள். பாறை எந்தச் சாய்வில் பிளந்திருக்கிறது, வெயில் எந்த மடிப்பில் நின்றுவிடுகிறது என்று பென்சிலில் மட்டும் வரையுங்கள். விரிசலின் சாய்வு சரியாக விழுந்தால் பாறைக்குத் தானாகவே கனம் வந்துவிடும்.

அப்புறம் கடலுக்குப் போகலாம். என் தேர்வு குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டம். நாகர்கோவில் வரை ரயில், அங்கிருந்து பஸ். போனவுடன் மொத்தக் கரையையும் வரையத் தோன்றும். வேண்டாம். ஒரே ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் பாருங்கள். அடியில் வழவழவென்று பச்சைப் பாசி. அதற்கு மேலே கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் சின்னச் சின்ன ஓட்டு உயிர்கள்) அப்பிய வெளிறிய, சொரசொரப்பான பட்டை. அதற்கும் மேலே, திவலை மட்டும் தெறிக்கிற இடத்தில் கருத்த பட்டை. உச்சியில் காய்ந்த பழுப்பு. மலைப்பாறையையும் கடல்பாறையையும் பிரித்துக் காட்டுவதே இந்த வரிசைதான். இது மாறினால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் மீனவர் ஒருவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நீர்வண்ணத்தில்தான் வரையப் போகிறோம். கறுப்பு டியூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும். நனைந்த பகுதிக்கு நீலத்தைக் கூட்டுங்கள், காய்ந்த பகுதிக்குப் பழுப்பைக் கூட்டுங்கள். கொட்டலசுப் பட்டைக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைத்து, தாளின் மேல் பக்கவாட்டில் இழுத்தால் போதும். நுரைக்கு வெள்ளை பூசாமல் தாளையே வெறுமையாக விடுங்கள். நிழலில் இருக்கும் நுரை மட்டும் லேசான நீலச்சாம்பல். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் இருக்கட்டும், மெல்லிய தாள் கடற்காற்றில் சுருண்டு படபடக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே தூரத்துக் கடலில் வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று ஏறி வரும். ஈரமான பாறையில் உட்காரவே கூடாது. கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இடம் பிடியுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான்.

சரி, படம் தயார். எங்கே வைப்பது? கண்காட்சிக் கூடத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். எனக்குப் பிடித்த இடம், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிட்டுக் காத்திருக்கும் கூடம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணை வைக்க ஓர் இடம் தேவை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கடலையே பார்க்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டி என் படத்தின் பச்சைப் பட்டையில் விரலை வைத்து, "இதுல கால் வச்சா வழுக்குமாப்பா?" என்று கேட்டார். எந்தப் பரிசையும் விட எனக்கு அது பெரிது.

நிற்பவர்கள் பார்க்கும் இடமென்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கலாம். பெஞ்சு போட்ட இடத்தில் அதைவிடக் கொஞ்சம் இறக்குங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடியில் வெளிச்சம்தான் தெரியும். கூட்டம் உரசிப் போகும் இடத்தில் ஒற்றை ஆணி நிற்காது, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், ஓதம் ஏறாது. டீக்கடை மாதிரி ஆவியும் எண்ணெய்ப் புகையும் உள்ள இடத்துக்கு நீர்வண்ணம் ஒத்துவராது. அக்ரிலிக்கில் வரைந்து வார்னிஷ் பூசிக் கொடுங்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

அனுமதியை யாரிடமானாலும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மாதம் இருக்கும், கழற்றுவது யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். படத்துக்குக் கீழே உங்கள் பெயரைச் சிறிதாகவும், முட்டம் என்ற ஊர்ப் பெயரையும் அங்கே போகும் வழியையும் பெரிய எழுத்திலும் எழுதி ஒட்டுங்கள். நிறையப் பேர் கேட்பது அதைத்தான்.